இருபத்தைந்து இழுப்பு

விசாலாட்சி மேடம் இறந்த செய்தி வந்தபோது நான் கூரியர்காரரிடம் கத்திக்கொண்டிருந்தேன். எங்கள் புது ரைஸ் குக்கரைப் பாதுகாப்புச் சான்றிதழுக்காகச் சென்னைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்ப வேண்டும், வண்டி வரவில்லை. அப்போதுதான் அவருடைய தம்பி முருகன் போன் செய்தார். "அக்கா போயிட்டாங்கண்ணா. காபி போட எழுந்தவங்க அப்படியே சாஞ்சிட்டாங்க."

எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, எரிச்சல். அனுப்ப வேண்டிய குக்கர்களில் ஒன்று அவர் வீட்டில் சோதனையில் இருந்தது. "அனுப்பலாம்" என்று அவர் இன்னும் சொல்லவில்லை. அவரிடம் திட்டு வாங்கிய நம் சிறுதொழில் சங்கத்து ஆட்கள் நீங்கள் யாரும் என்னைத் தப்பாக நினைக்க மாட்டீர்கள்.

அவர் அடி அண்ணாமலையில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். சென்னையில் மின்சாதனங்களைச் சோதிக்கும் வேலையில் இருந்தார். என் முதல் சரக்கான மின் அடுப்பைச் சோதனையில் தோற்கடித்தவரே அவர்தான். அனுப்பும் முன் பூஜை போட்டு, எங்கள் ஆட்கள் பக்தியில் அடுப்பின் அடித்தட்டைக் கழற்றி உள்ளேயும் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டார்கள். மேடம் போனில் கேட்டார்: "ஏங்க, ஒயர் மாட்டுற இடத்துல சந்தனம் அப்பியிருக்கே, என்ன இது?"

"சாமிக்குக் காட்டினோம் மேடம்."

"காட்டுங்க, வேணாங்கல. உள்ள ஏன் பூசினீங்க? ஈரம் பட்டா அது வழியாத்தான் கரண்ட் ஒழுகும். தொட்டவன் சாமிகிட்டயே போயிடுவான்."

ஒரு தடவை தோற்றால் மறுபடி வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டும். அந்த வருடம் தீபத் திருவிழாவுக்கு என் அடுப்பு கடைக்கே வரவில்லை. வேறு ஊர்க்காரர் விற்றுவிட்டுப் போனார். அந்த ஆத்திரம் எனக்கு வெகுநாள் இருந்தது.

ஓய்வு பெற்று அவர் ஊருக்கு வந்ததும், வெட்கத்தை விட்டு நானே போய் நின்றேன். இந்தத் தடவை லாட்ஜ் அறைகளுக்கான கெட்டில். முதல் தடவையிலேயே தேற வேண்டும் என்றேன். "அப்ப என் பேச்சைக் கேக்கணும், முதலாளி" என்றார். அந்த 'முதலாளி'யில் மரியாதை கம்மி, நக்கல் ஜாஸ்தி.

நான் என் கையாலேயே துடைத்துப் பளபளவென்று ஒரு கெட்டிலைக் கொண்டுபோனேன். அவர் அதைத் தொடவே இல்லை. நேராக எங்கள் பட்டறைக்கு வந்து, சனிக்கிழமை சாயங்காலம் அவசரத்தில் முடித்த வரிசையிலிருந்து ஒன்றை எடுத்தார். "மாப்பிள்ளை வீட்டுக்கா காட்டப்போறீங்க? கடையில எது விக்கப்போறீங்களோ அதைக் குடுங்க." அதில் தண்ணீருக்குப் பதில் பாலை ஊற்றிப் பொங்கவிட்டார். பால் அடியில் இறங்கி, சுவிட்ச் புகைந்தது.

"மேடம், இது தண்ணிக்குத்தான். மேலயே எழுதியிருக்கோம்!"

"செங்கம் ரோட்டுல ரூம் எடுத்தவன் இதுல முட்டையே வேக வைப்பான். படிச்சிட்டா பண்ணப்போறான்?"

அடிப்பாகத்தையே மாற்றினேன். அதற்குப் பிறகு, இழுத்தால் ஒயர் தாங்குமா என்று பார்க்க அரிசிப் பை. கெட்டிலை ஜன்னல் கம்பியில் கட்டி, ஒயரில் அரிசிப் பையைத் தொங்கவிட்டு, இருபத்தைந்து தடவை இறக்கி ஏற்றுவார். ஒயர் உள்ளே நுழையும் இடத்தில் பேனாவால் போட்ட கோடு ரெண்டு மில்லிமீட்டர் வெளியே வந்தாலும் தோல்வி. எண்ணுவது என் வேலை. நடுவில் எனக்குப் போன் வந்தால் தொலைந்தேன். "எத்தனை?" என்பார். முழிப்பேன். "அப்ப ஒண்ணுல இருந்து." பட்டறை திறக்கும் நேரத்தில் ஒரு பெரிய மனுஷனை இப்படி நிற்க வைப்பாரா யாராவது?

கெட்டில் முதல் தடவையே தேறியது. ஸ்வீட் பாக்ஸோடு ஓடினேன். "சந்தோஷம். ஆயிரமாவது கெட்டிலையும் இப்படியே செய்வீங்களா?" என்றார். அவ்வளவுதான் பாராட்டு.

மூன்றாம் நாள் காரியம் முடிந்து, முருகன் என்னை அவர் அறைக்கு அழைத்துப் போனார். என் குக்கர் ஜன்னல் கம்பியில் கட்டியபடியே இருந்தது. கீழே அரிசிப் பை. மேசையில் ஒரு தாளில் சின்னச் சின்னக் கோடுகள். எண்ணிப் பார்த்தேன். பதினேழு. ஒயரில் பேனாக் கோடு இம்மியும் நகரவில்லை.

குக்கரை எடுத்துப்போக வெளியே கூரியர் வண்டி வந்து நின்றது. பதினேழு தாங்கியது இருபத்தைந்து தாங்காதா என்று யாரும் நினைப்பார்கள். நானும் நினைத்தேன். தீபத்துக்குச் சரக்கு தருவதாக லாட்ஜ்காரர்களிடம் வாக்குக் கொடுத்தாகிவிட்டது. ஆனால் அந்தத் தாள் என்னைப் பார்த்து "எத்தனை?" என்று கேட்டது.

போனை அணைத்து முருகன் கையில் கொடுத்தேன். ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன். ஆறாவது இழுப்பில், அவருடைய பதினேழோடு சேர்த்தால் இருபத்து மூன்றாவதில், ஒயர் வழுக்கியது. பேனாக் கோடு ஒரு விரல்கடை வெளியே வந்துவிட்டது.

"செத்தும் விடமாட்டீங்களா மேடம்?" என்று வாய்விட்டே சொன்னேன். முருகன் சிரித்தபடி அழுதார். வண்டியைத் திருப்பி அனுப்பினேன். இந்தத் தீபத்துக்கு எங்கள் குக்கர் வராது, கேட்டவர்கள் மன்னிக்கவும்.

நினைவாக ஏதாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்றார் முருகன். அரிசிப் பையைக் கேட்டு வாங்கினேன். பட்டறையில் என் நாற்காலிக்கு எதிரே ஜன்னலில் தொங்குகிறது. பக்கத்தில் ஒரு பேனாவும் கட்டியிருக்கிறேன்.