பஸ் ஸ்டாப்புச் சுவரில் தாயம்மா

மாயாண்டிக்குக் கை சும்மா இருக்காது. இதை நோய் என்றவள் அவர் மனைவி ராக்கம்மா. பழக்கம் என்றவர் மாயாண்டி. தோட்டத்து மருந்தகத்தில் இருந்த டிரஸ்ஸர் எந்தப் பக்கமும் சேராமல் இருவருக்கும் ஒரே மாத்திரையைக் கொடுத்தார். சாப்பிட உட்கார்ந்தால் விரல் குழம்பைத் தொட்டுத் தட்டின் ஓரத்தில் ஒரு மூக்கை வரைந்துவிடும். அது பக்கத்து வீட்டு மூக்கு என்று ராக்கம்மா கண்டுபிடித்துவிட்டால் அன்றைக்கு இரண்டு பேருக்கும் சோறு இறங்காது.

மலேசியாவில் கோலா சாவாவுக்கு அருகிலிருந்த அந்த ரப்பர் தோட்டத்து நிர்வாகம், இப்படிப்பட்ட கையை வீணாக்கக் கூடாது என்று அதற்குச் சாய வாளியைக் கொடுத்திருந்தது. பால் வெட்டும் மரத்துக்கு வெள்ளைக் கோடு. மறுநடவுக்காகச் சாய்க்க வேண்டிய மரத்துக்கு இடுப்பைச் சுற்றிச் சிவப்பு. சிவப்புப் பட்ட மரம் அடுத்த பெருநாளைப் பார்க்காது. தொழிலாளர் லயத்தில் தவழும் பிள்ளைக்குக்கூட இது தெரியும். ஒரு கலைஞனுக்கு ஒரு காட்டையே ஒப்படைத்து, அதில் கோடு மட்டும் போடச் சொன்ன பெருமை உலகத்தில் வேறு எந்தக் கம்பெனிக்கும் கிடைத்திருக்காது.

கோடு போட்டுப் போட்டு மாயாண்டிக்கு உள்ளுக்குள் ஏதோ அரித்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் சிரம்பானுக்குப் போனால் ராக்கம்மா பசாருக்குள் நுழைவாள். அவர் சினிமாக் கொட்டகைக்கு எதிரே நின்றுகொள்வார். அங்கே சாரத்தில் ஏறி நின்று ஒரு சீனர், விளம்பரப் பலகையில் வீட்டுக் கதவு அகலத்துக்கு ஒரு கன்னத்தைத் தீட்டிக்கொண்டிருப்பார். ஒருநாள் அவர் கீழே இறங்கியபோது, ஒரு கன்னத்துக்கு எவ்வளவு சாயம் பிடிக்கும் என்று மாயாண்டி மலாயில் விசாரித்தார். அது நடிகையைப் பொறுத்தது லா என்று பதில் வந்தது. அந்தப் பதிலை மாயாண்டி ஒரு வாரம் அசைபோட்டார். திரும்பும் வழியில் சுங்கை காடுட் தொழிற்சாலைகளின் நீண்ட வெற்றுச் சுவர்களைக் கண்டு பெருமூச்சு விட்டார். ராக்கம்மா அதை வாயு என்று எண்ணி இஞ்சி மிட்டாய் எடுத்து நீட்டினாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்றில், நல்ல மழை மாதத்தில், ஒரு சனிக்கிழமை பால்வெட்டு நின்றுபோனது. தோட்டமே படுத்துத் தூங்கியது. மாயாண்டி மட்டும் மீதிச் சாயத்தை எடுத்துக்கொண்டு தோட்டத்து முச்சந்தியிலிருந்த பஸ் ஸ்டாப்புக்குள் புகுந்தார். கூரையின் கீழே, சுண்ணாம்பு அடித்த சுவர், ஒரு கோடுகூட இல்லாமல். வெள்ளைச் சுவரில் வெள்ளைச் சாயம் தெரியாது. ஆகவே சிவப்பை எடுத்தார். இதில் அவர் யோசித்தது அவ்வளவுதான்.

மறுநாள் காலை அதே இடத்தில் நின்று பஸ்ஸுக்குக் காத்திருக்கப் போகிறவர்களை அவர் சுவரில் நிறுத்தினார். கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பால் வெட்டுகிற தாயம்மா கொட்டாவி விடுகிறாள். மங்கம்மா கையை ஆட்டி யாரையோ ஏசுகிறாள். முடித்துவிட்டு மழையில் நின்று பார்த்தார். நல்லா இருக்கு, நீ வரைஞ்சதா என்று யாராவது ஒருவர் கேட்டால் போதும், மிச்ச ஆயுளுக்குக் கோடே போட்டுவிடலாம் என்று தோன்றியது. இரவு முழுக்கப் புரண்டார்.

காலையில் தலைக்கு எண்ணெய் தடவி, கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி ராக்கம்மாவோடு முச்சந்திக்கு வந்தார். அங்கே இழவு விழுந்த மாதிரி இருந்தது. தாயம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள்.

“பாத்தியாண்ணே, எனக்குச் சிவப்பு போட்டுட்டானுங்க,” என்றாள்.

“எனக்குந்தான்,” என்றாள் மங்கம்மா, சுவரில் இருப்பது போலவே கையை ஆட்டிக்கொண்டு. “பக்கத்துத் தோட்டத்துல ரப்பர வெட்டிட்டு செம்பனை போட்டு பாதிப் பேர வீட்டுக்கு அனுப்பலியா? இங்க மொதல்ல மரத்துக்குப் போட்டான், இப்ப ஆளுக்குப் போட்டுட்டான். வாயால சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு சொவத்துல சொல்றான்.”

மாயாண்டி முன்னால் வந்தார். “அது படம், தங்கச்சி. நான்தான் வரைஞ்சேன்.”

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். துக்கத்துக்கு நடுவிலும் மங்கம்மாவுக்குச் சிரிப்பு வந்தது.

“நீங்களா? ஏண்ணே, மரத்த சுத்திக் கோடு போட்டாலே ரெண்டு முனையும் சேராது உங்களுக்கு. சிரம்பான்லேருந்து ஆள் கொண்டாந்து செஞ்சிருக்கானுங்க. தாயம்மாக்கா பல்லு இடுக்குகூட விடல பாருங்க.”

இவ்வளவு பெரிய பாராட்டு இன்னொருவருக்குப் போவதை மாயாண்டி கண்ணெதிரே பார்த்துக்கொண்டு நின்றார். ராக்கம்மா மட்டும் சுவரை மேலும் கீழும் அளந்தாள்.

“இவருதான். எனக்குத் தெரியும். ஊர்ல உள்ள பொம்பளைங்க எல்லாம் இருக்காங்க, நான் இல்ல.”

“நீ ஒரு எடத்துல நின்னாத்தானே,” என்றார் மாயாண்டி.

மனைவியின் சாட்சியை யாரும் ஏற்கவில்லை. அப்போது சிரம்பான் கோயிலுக்குப் போவதற்காகக் குடையோடு வந்து சேர்ந்தார் தோட்ட அலுவலகத்துக் கிராணி, யாழ்ப்பாணத்துச் சிவசுப்பிரமணியம். பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

“கிராணி ஐயா, மறைக்காம சொல்லுங்க. யார் யாருக்குச் சீட்டு கிழியப் போகுது?”

“எனக்கு உதிலை ஒண்டும் தெரியாது,” என்றார் அவர். உண்மைதான். ஆனால் தோட்டத்தில் கிராணி தெரியாது என்றால் முடிவாகிவிட்டது என்று பொருள். தாயம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

அதற்குமேல் மாயாண்டியால் தாங்க முடியவில்லை. கூரை இடுக்கில் ஒளித்து வைத்திருந்த வாளியை இழுத்தார், தூரிகையை முக்கினார். “ஐயா, அசையாம நில்லுங்க,” என்றார்.

சுவரில் குடையின் வளைந்த பிடி வந்தது. மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கும் பார்வை வந்தது. மேல்சட்டைப் பித்தான் இரண்டு பக்கமும் இழுபட, அதற்குக் கீழே வயிறு வந்தது. மங்கம்மாவின் கை ஆட்டத்தை நிறுத்தியது. அந்தத் தோட்டத்தில் அது முதல் தடவை.

“யம்மாடி, கிராணியேதான்,” என்றாள் தாயம்மா. பிறகு மெதுவாகத் தன் படத்தின் பக்கம் திரும்பினாள். “அப்ப இது... நீங்களா போட்டீங்க? அச்சு நான்தாண்ணே. நல்லா இருக்கு.”

மாயாண்டியின் தூரிகையிலிருந்து சாயம் வேட்டியில் சொட்டியது.

“மாயாண்டி, உமக்கு விசரே?” என்றார் கிராணி. “என்னைச் சிவப்பிலை கீறி வைச்சால் துரை என்ன நினைப்பார்? நாளைக்கு நீர் சுண்ணாம்பு எடுத்து எல்லாத்தையும் அழிச்சுப் போடும்.”

“எங்கள எதுக்கு அழிக்கணும்?” தாயம்மா எழுந்து சுவருக்கு முன்னால் வந்து நின்றாள். சற்றுமுன் அதே சுவரைப் பார்த்து அழுதவள். “நாங்க பாட்டுக்கு நிக்கிறோம். வேணும்னா உங்க படத்த மட்டும் அழிச்சுக்குங்க, ஐயா.”

தன்னை மட்டும் அழிப்பது என்ற யோசனை கிராணிக்குப் பிடிக்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சுவரருகே போனார். நெடுநேரம் பார்த்தார். அரசாங்கக் கடிதத்தைக்கூட அவர் அவ்வளவு கவனமாகப் படித்ததில்லை. கடைசியில் மாயாண்டியை ஓரமாக அழைத்தார்.

“சரி, துரையோடை நான் கதைக்கிறன். நீர் இந்த வயிறை மட்டும் கொஞ்சம் உள்ளுக்கு எடுத்து விடும்.”

“அது நான் வச்ச வயிறு இல்லீங்களே, ஐயா.”

கிராணி படத்துக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நின்று, மூச்சை இழுத்து, வயிற்றை உள்ளே பிடித்துக்கொண்டார். தூரத்தில் சிரம்பான் பஸ் உறுமியது. மாயாண்டி சுவரைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், மறுபடி சுவரைப் பார்த்தார். அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை.

“மூச்ச விடுங்க, ஐயா,” என்று கெஞ்சினார். “படம் பொய்யாப் போகுது.”