மாமா வார்த்த பம்பரும் என் கண்டக்டர் சீட்டும்

வண்டியைத் தூரப் பயணத்துக்குத் தயார் செய்யச் சொல்லி இப்போது என்னிடம் வருகிறவர்கள் கையில் படத்தோடு வருகிறார்கள். கூரைமேல் கூடாரம், பக்கத்தில் ஏணி, முன்னால் வரிசையாக விளக்குகள். இதில் பாதி எதற்கு என்று கேட்டால் பதில் வராது. அவர்களைக் கேலி செய்ய எனக்கும் பெரிய தகுதி கிடையாது. நான் முதன்முதலில் தயார் செய்த ஜீப்பில் இட்லிக்கு மாவு அரைக்கும் கிரைண்டர் இருந்தது.

1. ஏலத்து ஜீப்

தொண்ணூறுகளின் தொடக்கம். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு, லாரியில் கிளீனராக ஏறி, கரூரில் கல்குவாரி கம்ப்ரசர், நாக்பூரில் லாரிப் பட்டறை என்று சுற்றிவிட்டு, பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பம்பு கம்பெனியின் வண்டிகளைப் பார்த்துக்கொள்ளும் ஆளாக இருந்தேன். ஓரிடத்தில் ஒரு வருஷம் தங்கினால் எனக்குக் கால் அரிக்கும். கிளம்பலாம் என்றிருந்தபோதுதான் முதலாளியின் மகன் ராம்மோகன் ராணுவ ஏலத்தில் ஒரு பழைய ஜீப்பை எடுத்து வந்தார்.

அதை லடாக் வரை ஓட்டிக்கொண்டு போக வேண்டும் என்பது அவர் ஆசை. என் ஆசையும் அதுதான். மூச்சு முட்டும் உயரத்தில், ஒரு புல்கூட முளைக்காத மலையில், லாரிகள் வரிசையாக ஏறும் என்று நாக்பூர்ப் பட்டறைக்கு வரும் டிரைவர்கள் சொல்லுவார்கள். அதைப் பார்த்தே தீருவது என்று வெகுநாளாக நினைத்திருந்தேன்.

"மாணிக்கம், நீங்க இதை ரெடி பண்ணிக் குடுங்க. சம்பளம் தனியா பேசிக்கலாமுங்க" என்றார் ராம்மோகன்.

"சம்பளம் இருக்கறதே போதுமுங்க. போறப்ப எனக்கு ஒரு சீட் வேணும்."

"இதென்னங்க பெரிய விஷயம்? நீங்க இல்லாம வண்டி எப்படிப் போகும்?"

இன்ஜினை இறக்கினேன். ரிங், பேரிங், கிளட்ச், பிரேக் லைனிங் எல்லாம் புதிது. வண்டியின் எடையைத் தாங்கும் ஸ்பிரிங் பட்டைகளைப் பிரித்துத் தேய்த்துக் கிரீஸ் போட்டுக் கட்டினேன். ராம்மோகன் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும் ஆள் அல்ல. வெளிநாட்டில் இன்ஜினியரிங் படித்தவர். சாயங்காலமானால் அரை டிரவுசரோடு வண்டிக்கு அடியில் படுத்துவிடுவார். வண்டி எவ்வளவு எடை தாங்கும் என்று கணக்குப் போட்டு ஷெட் சுவரில் சாக்பீஸால் பெரிதாக எழுதி வைத்தவரும் அவர்தான். "இதுக்கு மேல ஒரு கிலோ ஏத்தக்கூடாதுங்க" என்று எனக்கே உத்தரவு போட்டார். சரியான கணக்கு. அதனால்தான் பின்னால் நடந்ததை அறியாமை என்று என்னால் மன்னிக்க முடியவில்லை.

2. ஒற்றை ஆள் சீட்

முன்னால் இரண்டு பேர் உட்காரலாம். பின்னால் சாமான்கள் போக ஒருவருக்கு மட்டும் இடம். உக்கடத்தில் காசிம் பாயின் பழைய இரும்புக் கடைக்குப் போனேன். உடைத்துப்போட்ட டவுன் பஸ்ஸின் கண்டக்டர் சீட் ஒன்று மூலையில் கிடந்தது. குழாய்ச் சட்டம், கிழிந்த ரெக்சின்.

"யாருக்குங்க மாணிக்கம் இது?" என்றார் பாய்.

"எனக்குத்தான் பாய். லடாக் போறேன்."

"ஜீப்பு யாருது?"

"மொதலாளி மகனுது."

பாய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து சிரித்தார். "அப்ப இப்பவே ஒரு துண்டப் போட்டு வெச்சுருங்க. வண்டி கெளம்பறப்ப வேற எவனாச்சும் உக்காந்துக்குவான்."

நானும் சிரித்தேன். சீட்டுக்குப் புது ரெக்சின் தைத்து, அடியில் பிளேட் வைத்து, நான்கு போல்ட்டில் இறுக்கினேன். மதியம் சோற்றை அதில் உட்கார்ந்துதான் தின்றேன்.

3. சீர்

ராம்மோகனின் சொந்தபந்தம் எல்லாருக்கும் ஆளுக்கொரு கம்பெனி இருந்தது. பையன் தூரம் போகிறான் என்று தெரிந்ததும், கல்யாணத்துக்குச் சீர் கொண்டுவருவதுபோல அவரவர் கம்பெனிச் சரக்கைக் கொண்டுவந்து இறக்க ஆரம்பித்தார்கள்.

முதலில் மாமா வந்தார். தாய்மாமன், இரும்பு வார்க்கும் பவுண்டரி வைத்திருப்பவர். நான் சி-சேனல் இரும்பில் செய்து மாட்டியிருந்த பம்பரைக் காலால் தட்டிப் பார்த்தார்.

"ஏங்கண்ணு, இந்தத் தகரத்த மாட்டிட்டா இமயமலைக்குப் போற? என்ற பவுண்டரில ஒண்ணு ஊத்தித் தாரேன். யானை வந்து முட்டுனாலும் அசையாது."

ஒரே வாரத்தில் வந்துவிட்டது. முழுக்க வார்ப்பிரும்பு. நான்கு பேர் தூக்க வேண்டியிருந்தது. நடுவில் பவுண்டரியின் பெயர் சாண் உயர எழுத்தில் புடைத்து நின்றது. பம்பர் என்ற பெயரில் ஒரு விளம்பரப் பலகை.

"ஏனுங்க, வார்ப்பிரும்பு அடிபட்டா வளையாதுங்களே. ஒடஞ்சுபோகுமுங்களே" என்றேன்.

"ஒடையறதுக்கு அதென்ன உன்ற மண்டையா?" என்றார் மாமா.

ராம்மோகனைப் பார்த்தேன். அவருக்கு என்னைவிட நன்றாகவே தெரியும். "நல்லா இருக்குதுங்க மாமா" என்றார்.

அடுத்தது அக்கா வீட்டுக்காரர். மொட்டைமாடித் தொட்டி செய்கிறவர். ஜீப்புக்கென்று ஒரு ஸ்டீல் தொட்டி அடித்து வந்தார். அதை வைக்க இடமில்லாமல் இரண்டாவது ஸ்டெப்னியைக் கழற்றினோம். லடாக் பாதையில் டயர் போனால் தொட்டித் தண்ணீரில் முகம் கழுவிக்கொள்ளலாம்.

அப்புறம் அத்தை. கிரைண்டர் கம்பெனி.

"வடக்க போனா ரொட்டியத்தான் குடுப்பானுக. வவுறு என்னத்துக்காகும்? இத வெச்சுக்க கண்ணு. நாலு இட்லி ஊத்துனா தெம்பா இருக்கும்."

"கரண்ட்டுக்கு எங்கீங்க அத்தை போறது?" என்று ராம்மோகன் மெல்லக் கேட்டார். தப்பிக்க வழி தேடினார் பாவம். அத்தையின் மகனுக்கு அதற்கும் பதில் இருந்தது. மறுநாளே கடைகளில் வைக்கும் மண்ணெண்ணெய் ஜெனரேட்டர் ஒன்று வந்து இறங்கியது. அதற்கு இரண்டு கேன் மண்ணெண்ணெய். அத்தை மகனும் முன்சீட்டில் வருவதாக முடிவானது.

அன்று சாயங்காலம் சுவரில் எழுதியிருந்த எடைக் கணக்கை ராம்மோகன் ஈரத்துணியால் துடைத்தார். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "அத்தை மனசு நோகுமுங்க மாணிக்கம்" என்றார்.

ஸ்பிரிங் பட்டையின் மனசை யார் பார்ப்பது?

4. துண்டு

கிளம்பும் நாளன்று காங்கேயம் பக்கத்தில் இருக்கும் அவர்கள் குலதெய்வக் கோயிலுக்குப் போனோம். அதுவரை என் சீட்டில் உட்கார்ந்து போனேன். பின்பக்கம் தாழ்ந்து, ஜீப் வானத்தைப் பார்த்தபடி ஓடியது. கோயில் வாசலில் சொந்தம் முழுக்கக் கூடியிருந்தது. மாமா தன் எழுத்துகளுக்குத் தானே சந்தனம் பூசினார். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள்.

கற்பூரம் தொட்டுக்கொண்டு திரும்பி வந்தேன். என் சீட்டில் ஒரு துண்டு கிடந்தது. என்னுடையது அல்ல.

அத்தை வீட்டுச் சமையல்காரர் வேலுச்சாமியின் துண்டு. அவர் பக்கத்தில் பையோடு நின்று என் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்.

ராம்மோகன் என்னைத் தனியாகக் கூட்டிப்போனார். "தப்பா நெனச்சுக்காதீங்க மாணிக்கம். கிரைண்டர் இருக்குதுங்க, அதுக்கு ஒரு ஆள் வேணும்னு அத்தை கூட்டிட்டு வந்துட்டாங்க. வேண்டாம்னா அவுங்க மூஞ்சியில முழிக்க முடியாதுங்க. அடுத்த தடவ கண்டிப்பா நீங்கதான்."

"வழியில வண்டி நின்னா கிரைண்டரா வந்து ரிப்பேர் பாக்கும்?"

"நான் பாத்துக்குவேனுங்க."

எங்கள் ஊரில் ஆளை வெளியே தள்ளுவதையும் இத்தனை மரியாதையாகத்தான் செய்வார்கள். பம்பரை இறக்கினால் மாமா கோபித்துக்கொள்வார். தொட்டியை இறக்கினால் அக்கா வீட்டுக்காரர். கிரைண்டரை இறக்கினால் அத்தை. இறக்கினால் யாருமே கோபித்துக்கொள்ளாத ஒரே சாமான் அந்த வண்டியில் நான்தான். என் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

5. ஒன்பதாவது வளைவு

மறுநாள் காலையில் கம்பெனி மேனேஜர் கூப்பிட்டார். "திம்பம் மலையில ஸ்பிரிங் மெயின் பட்டை ஒடஞ்சு ஜீப்பு நிக்குதாமா. பட்டைய எடுத்துட்டு உங்களத்தான் வரச் சொன்னாங்களாமா."

தமிழ்நாட்டையே தாண்டவில்லை. போகாமல் விட்டிருக்கலாம். ஆனால் அவிழ்க்காத என் பை அப்படியே இருந்தது. ஆள் தேவைப்பட்டால் சீட்டும் தேவைப்படும் என்று எண்ணி, அதையும் எடுத்துக்கொண்டு, பட்டையை மைசூர் பஸ்ஸின் மேலே கட்டிக் கிளம்பினேன்.

ஒன்பதாவது வளைவில் ஜெனரேட்டர் சத்தம்தான் முதலில் கேட்டது. ஜீப் ஒருபக்கமாகச் சாய்ந்து கிடக்க, சாலையோரத்தில் வேலுச்சாமி கிரைண்டரில் சட்னி அரைத்துக்கொண்டிருந்தார். அத்தை மகன் தட்டோடு காத்திருந்தார். கைப்பிடிச் சுவரில் குரங்குகள் வரிசையாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்தன. பட்டை உடைந்து வண்டி ஒருபக்கம் இழுத்ததில் பம்பர் அதே சுவரில் மோதி, மாமாவின் பெயர் நடுவில் இரண்டாகப் போயிருந்தது. இரண்டு துண்டுகளையும் விடாமல் எடுத்து வண்டிக்குள் ஏற்றி வைத்திருந்தார்கள்.

சாமான்களை இறக்கி, ஜாக்கி கொடுத்து, பட்டையை மாட்டினேன். ராம்மோகன் சட்டையைக் கழற்றிவிட்டுக் கூடவே வேலை செய்தார்.

"இத்தனையும் திருப்பி ஏத்துனா இதுவும் அடுத்த வளைவுலயே போயிருமுங்க" என்றேன்.

"தெரியுமுங்க."

அப்போது வேலுச்சாமி கையைத் துடைத்துக்கொண்டு ராம்மோகனிடம் வந்தார். "தம்பி, எனக்கு மலைன்னாலே தலை சுத்துதுங்க. மொதலாளியம்மாவுக்காகத்தான் வந்தேன். இப்புடியே பஸ்ஸப் புடிச்சு ஊடு போய்ச் சேர்றேனுங்க. என்ற எடம் மாணிக்கத்துக்கே ஆகட்டும்." சீட்டில் கிடந்த துண்டை அவரே எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

சீட் காலி.

"அப்ப கிரைண்டர், ஜெனரேட்டர் ரெண்டும் வேண்டியதில்லீங்க" என்று அவசரமாகச் சொன்னேன். "தொட்டியும் வேண்டாம். மேல டீக்கடையில போட்டுட்டுப் போலாம். கம்பெனி வேன் வந்து எடுத்துக்கட்டும். வண்டி பறக்குமுங்க."

"எங்கம்மா குடுத்தத டீக்கடையில போடறதா?" என்றார் அத்தை மகன்.

ராம்மோகன் சாலையில் பரப்பிக் கிடந்தவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கிரைண்டரையும் தொட்டியையும் பார்த்தார் என்று நான் நினைத்தேன். அவர் அத்தையையும் அக்கா வீட்டுக்காரரையும்தான் பார்த்திருக்கிறார்.

"லடாக் போக முடியலைன்னா, சரி உடு கண்ணுன்னு சொல்லுவாங்க. அவுங்க குடுத்தத வழியில எறக்கிப்போட்டுப் போனேன்னு தெரிஞ்சா, நாளைக்கு ஒரு விசேசத்துல நான் எப்படிங்க போய் நிப்பேன்?" என்றார்.

அவருக்கு அது நியாயம். ஆனால் அந்த நியாயத்தை வைத்துக்கொண்டு திம்பம்கூட ஏற முடியாது.

எல்லாவற்றையும் மறுபடி ஏற்றினார்கள். உடைந்த பம்பர் உட்பட. வேலுச்சாமி கீழே போகும் பஸ்ஸில் ஏறிவிட்டார். ராம்மோகன் ஜீப்பைத் திருப்பி, கோயம்புத்தூர்ப் பக்கம் முகம் வைத்து நிறுத்தினார்.

"ஏறுங்க மாணிக்கம். அதான் உங்க சீட் இருக்குதுங்களே."

நான் ஸ்பேனரை எடுத்தேன். நான்கு போல்ட்டையும் கழற்றிச் சீட்டை வெளியே எடுத்தேன்.

"இது யாரும் குடுத்த சீர் இல்லீங்க. எறக்குனா யாரும் கேக்க மாட்டாங்க" என்றேன்.

ராம்மோகன் சீட்டை ஒருமுறை பார்த்துவிட்டுக் கியர் போட்டார். அவ்வளவு சாமானோடும் ஜீப் கீழ்நோக்கி நன்றாகவே ஓடியது.

வளைவின் ஓரத்தில் சீட்டைப் போட்டு உட்கார்ந்தேன். தேங்காய் ஏற்றிய லாரி ஒன்று முனகிக்கொண்டு மேலே வந்தது. டிரைவர் தலையை நீட்டி, "என்ன கண்டக்டரே, உன்ற பஸ்ஸு எங்க?" என்றார்.

"கீழ போயிருச்சுங்க. நான் மேல போகோணும்."

சீட்டை மைசூரில் ஒரு பழைய இரும்புக் கடையில் போட்டு, அந்தக் காசில் சாப்பிட்டேன். வழியெல்லாம் பட்டறைகளில் வேலை பார்த்துக்கொண்டே போனதில் அந்த வருஷம் பனியில் மலைப்பாதை மூடிவிட்டது. மறுவருஷம் லடாக் போனேன். டீசல் டேங்கர் லாரியில், டிரைவருக்குப் பக்கத்தில், ஒரு கம்பளியும் ஸ்பேனர் பையும் வைத்துக்கொண்டு. டிரைவர்கள் சொன்னது உண்மைதான். புல்கூட முளைக்கவில்லை.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். வண்டியில் முதலில் ஆள் உட்காரும் சீட்டுகளைப் பொருத்துங்கள். அப்புறம் டயர், டூல்ஸ், தண்ணீர். மிச்ச இடத்தைக் காலியாக விடுங்கள். படத்தோடு வருகிறவர்களிடம் நான் இன்ஜினைப் பற்றிக் கடைசியில்தான் கேட்கிறேன். முதலில் கேட்பது, "உங்க மாமனுக்குப் பவுண்டரி ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்பதுதான். பெரும்பாலும் சிரிக்கிறார்கள். சிரிக்காமல் யோசிக்கிறவர்களை, வேறு பட்டறை பார்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பிவிடுகிறேன்.