நடுவகிடு எடுத்த கடுவனும் மகளின் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகமும்

எங்கள் செஞ்சிக் கோட்டைக் குரங்குகள் மீது எனக்கு எந்த மரியாதையும் கிடையாது. உச்சந்தலை மயிரை நடுவகிடு எடுத்துக் குல்லாய் போலப் படிய வாரிய தலை. அதன் கீழே, நெடுநேரம் தண்ணீரில் ஊறிய விரல் மாதிரிச் சுருங்கிய ரோஸ் முகம். விடைத்த காது. உடம்பை விட நீளமான வால். அதைக் கொண்டு கிளையில் தொங்கக்கூடத் துப்பில்லை. மலைக்காட்டில் அத்தியும் ஆலம்பழமும் தின்று பிழைக்க வேண்டிய பிராணி, மதில்மேல் குந்திக்கொண்டு வருகிறவன் பையை நோட்டம் விடுகிறது.

அறுபதுகளில் ஒரு மத்தியானம். மகள் ஆசிரியப் பயிற்சிக்கு மனுப் போட மறுநாள் கடைசி நாள். அவளுடைய மதிப்பெண் பதிந்த எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தைக் காட்டி, நகலில் அதிகாரியின் கையெழுத்து வாங்கப் போயிருந்தேன். அவர் சாப்பிடப் போயிருந்தார். வறுத்த வேர்க்கடலை வாங்கிக்கொண்டு கோட்டை நிழலுக்கு நடந்தேன். குரங்கு பையைப் பிடுங்கும் என்பது தெரிந்ததுதான். அதனால் பாதிக் கடலையை வேட்டி மடியில் பத்திரமாகக் கட்டிக்கொண்டேன். புத்தகத்தைப் பையிலேயே விட்டேன். மூளை அப்படி.

புளியமரத்திலிருந்து ஒரு கடுவன் இறங்கியது. பை போயிற்று. மதில்மேல் குந்தி, கடலையை இரண்டு கன்னத்திலும் திணித்துக்கொண்டு, புத்தகத்தைக் கடித்துப் பார்த்தது.

நான் செருப்பைக் கழற்றினேன். அடிக்க அல்ல, கும்பிட.

"ஐயா, சாமி, பொண்ணு படிச்சதுங்க, குடுத்துடுங்க!"

என் நைனாவிடம்கூட நான் 'ங்க' போட்டுப் பேசியதில்லை.

பக்கத்தில் புல் அறுத்துக்கொண்டிருந்தவள் சிரித்தாள். "இன்னாண்ணே, கொரங்காண்ட மனு குடுக்குறியா?"

"சிரிக்காதம்மா! எம் பொண்ணு பொழப்பே அது வாயில இருக்குது!"

"மடியில கடலைய வெச்சிக்கினு கும்புட்டா எப்படிக் குடுக்கும்? அத்த அவுத்து எறி!"

அவிழ்த்தேன். பதற்றத்தில் வேட்டியும் சேர்ந்து வந்துவிட்டது. கடுவன் புத்தகத்தைப் போட்டுவிட்டுக் கடலைக்குத் தாவியது. நான் முதலில் புத்தகத்தை எடுத்தேன், அப்புறம்தான் வேட்டியை.

மதிப்பெண் பக்கம் தப்பியது. அட்டையில் மட்டும் நாலு பல்.

"இது என்னய்யா?" என்றார் அதிகாரி.

"எலிங்க."

அட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு நடுவகிடு எடுத்த தலை, ஒரு கன்னம் நிறைய வெற்றிலை. பிறகு கையெழுத்துப் போட்டார். நான் கும்பிட்டேன். அன்றைக்கு அது இரண்டாவது கும்பிடு என்பதால் நன்றாகவே வந்தது.