ஃபோர்மேன் வளைத்த தகடு

என் மேஜைமேல் ஒரு எவர்சில்வர் தகடு இருக்கிறது. ஒரு சாண் நீளம். மேலும் கீழுமாக வளைத்ததில் மூன்று பள்ளங்கள். ஒன்றில் கரண்ட் அட்டை, அடுத்ததில் கேஸ் புத்தகம், மூன்றாவதில் என்னுடைய மாத்திரைச் சீட்டுகள். வீட்டுக்கு வருகிறவர்கள் காகிதம் செருகிவைக்கிற ஸ்டாண்டு என்று நினைத்துக்கொள்கிறார்கள். நானும் திருத்துவதில்லை. வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியில் விழுந்தால், யாருக்கும் எதையும் திருத்திச் சொல்லத் தெம்பிருப்பதில்லை. அது டாக்கோ என்கிற மெக்ஸிகோ ரொட்டி மடிப்பை நிமிர்த்தி வைக்கிற தகடு. எங்கள் ஃபோர்மேன் தன் கையால் வளைத்தது.

சூலூருக்கும் கருமத்தம்பட்டிக்கும் நடுவில், நூற்பாலை இயந்திரங்கள் செய்கிற ஒரு தொழிற்சாலையில் இருவரும் வேலை பார்த்தோம். நான் தரம் பார்க்கிற இன்ஸ்பெக்டர். பெண் பார்க்கப் போனபோது இன்ஸ்பெக்டர் என்றதும் போலீஸ் என்று நினைத்துவிட்டார்கள். அந்த ஏமாற்றம் என் மனைவிக்கு இன்னும் தீரவில்லை. ஃபோர்மேன் மெஷின் ஷாப்பைப் பார்த்துக்கொண்டவர், என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். ஒருமுறை அவருடைய பிரிவில் ஓடிய ஒரு லாட் உதிரிபாகங்கள் முழுவதையும் நான் தேறாது என்று சிவப்பு பெயின்ட் தொட்டு ஒதுக்கிவிட்டேன். வேறு யாராக இருந்தாலும் சண்டைக்கு வந்திருப்பார்கள். அவர் அளவு பார்க்கிற கேஜை எடுத்து வந்து பத்துப் பீஸை அளந்து பார்த்தார். பிறகு தன் ஆட்களிடம், “அவரு சொன்னாச் சரிதானுங்க. ஓரமா எடுத்து வெச்சுப்போடுங்க” என்றார். அன்று மாலை டீக்கும் என்னைத்தான் கூப்பிட்டார். அந்த நாளிலிருந்து என் வாயிலிருந்து வருவதெல்லாம் அவருக்கு அளந்து பார்த்த சொல்லாகிவிட்டது.

கம்பெனி அவரை மெக்ஸிகோவுக்கு அனுப்பியது, ஒரு மில்லில் இயந்திரம் பொருத்திக் கொடுக்க. நான்கு மாதம் இருந்தார். திரும்பி வந்தவர் அந்த நாட்டைப் பற்றிச் சொன்னதெல்லாம் மில் வாசலில் இருந்த ஒரு தள்ளுவண்டியைப் பற்றித்தான். ஷிப்ட் முடிந்து எண்ணெய்க் கையோடு வருகிற ஆட்கள் அங்கே நின்றபடியே மூன்று டாக்கோ தின்றுவிட்டு வீட்டுக்குப் போவார்களாம். மக்காச்சோள மாவில் ரொட்டி, அதற்குள் கோழிக்கறி, வெங்காயம், கொத்தமல்லி, எலுமிச்சை. “நம்மூர்ல மால்ல விக்கறாங்க, யாருங்க வாங்கி உண்ணறது? வேலை முடிஞ்சு வர்ற ஆளு வாங்கற வெலையில ஒரு கடை வெக்கோணுங்க” என்பார். கேன்டீனில் ஒருவர், “கோழிக்குப் போடற தீனியை எங்களுக்குப் போட்டு, அதுக்குள்ள கோழியவும் வெச்சுக் குடுப்பீங்களா?” என்று கேட்டு எல்லாரையும் சிரிக்க வைத்தார். ஃபோர்மேனும் சிரித்தார். ஆனால் விடவில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது வந்த பி.எஃப். பணம் முழுவதையும் போட்டு, சூலூரில் பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் பழைய ஜெராக்ஸ் கடை ஒன்றை வாடகைக்கு எடுத்தார். சுவரில் ‘மெக்ஸிகோ டாக்கோ’ என்று எழுதிய பெயின்டுக்கு அடியில் ‘லேமினேஷன்’ என்ற சொல் கடைசிவரை தெரிந்துகொண்டே இருந்தது.

கடை திறந்து ஒரு வாரம் கழித்து என்னைக் கூப்பிட்டனுப்பினார். சாயங்காலம், முதல் ஷிப்ட் முடித்துப் போனேன். அன்று காலையிலிருந்து நின்றே வேலை. முழங்கால் இரண்டும் தனித்தனியாக வலித்தன. ஸ்டூலில் உட்கார வைத்து, இதோ இந்தத் தகட்டில் மூன்று டாக்கோவைச் செருகி முன்னால் வைத்தார். அக்கா, அவருடைய மனைவி, அடுப்பருகே ரொட்டி போட்டுக்கொண்டிருந்தவர், கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்று என் வாயைப் பார்த்தார்.

“ஏனுங்க இன்ஸ்பெக்டர், உங்களுக்கே தெரியும். கொரோனா வந்து போனதுலருந்து என்ற நாக்குல ஒண்ணுந் தெரியறதில்லை. இவ கவுச்சி தொட மாட்டா. இவ தம்பி வந்து ருசி பாத்து அளவு சொல்லிக் குடுத்துட்டு ஊருக்குப் போயிட்டான். வர்ற சனமெல்லாம் நல்லாருக்குதுங்கறாங்க, மறுக்கா ஒருத்தருங் காணோம். நீங்க பொய் சொல்ல மாட்டீங்க. அதுதானுங்க கூப்புட்டேன்.”

கடித்தேன். ரொட்டி அருமையாக இருந்தது. ஓரம் லேசாகக் கருகி, நடுவில் மெத்தென்று, மக்காச்சோள வாசனையோடு. கறிதான் கரித்தது. கொஞ்சநஞ்சமல்ல, உப்பளத்தில் ஊறப்போட்டதுபோல. எலுமிச்சை அதை இன்னும் தூக்கிக் காட்டியது. முழுங்கிவிட்டுத் தண்ணீர் குடித்தேன். பக்கத்து ஸ்டூல்காரரும் குடித்துக்கொண்டிருந்தார். “நம்மூரு வெயிலுக்குத் தண்ணி நெறையப் போகுதுங்க” என்று ஃபோர்மேன் ஜக்கைத் திரும்ப நிரப்பினார்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் இடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு அதில் குறை சொல்ல வாய் வராது. கல்யாணப் பந்தியில் சாம்பார் புளித்துப்போயிருந்தாலும் கை கழுவிவிட்டு, “நல்லா இருந்துச்சுங்க” என்று சொல்லித்தான் மொய் எழுதப் போவோம். ஆனால் அதையே சாக்காகச் சொல்லி நான் தப்பித்துக்கொள்ள முடியாது. மற்றவர்கள் விருந்தாளிகள். நான் ருசி பார்த்துச் சொல்லவென்றே கூப்பிடப்பட்டவன். முப்பது வருஷமாகக் குறை சொல்வதற்கே சம்பளம் வாங்கியவன். உப்பு என்று சொன்னால் பேச்சு நீளும், வேறு ஒன்று கிண்டித் தருவார், அதையும் தின்று பார்க்க வேண்டும், பஸ் போய்விடும். அக்காவின் முகமும் பார்க்கச் சகிக்கவில்லை. அன்று எனக்கு இருந்த அலுப்பில் அந்த ஒரு சொல் பெரிய சுமையாக இருந்தது.

“நல்லா இருக்குதுங்ணா” என்றேன்.

ஃபோர்மேன் அக்காவைத் திரும்பிப் பார்த்தார். “பாத்தியா? அவரே சொல்லிப்போட்டாரு” என்றார். லாட் பாஸ் ஆகிவிட்டது. இனி அளக்க வேண்டியதில்லை.

அதன் பிறகு ஏழு மாதம் கடை நடந்தது. நடந்தது என்று சொல்வது மரியாதைக்கு. நான் பஸ்ஸில் போகும்போதெல்லாம் அவர் வெளியே நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் சில நாள் மறுபக்கத்து ஜன்னலோரம் உட்கார்ந்தேன். கடையைக் காலி செய்கிற அன்றைக்கு உதவிக்குப் போனேன். பெட்டி கட்டும்போது அக்கா பிரிக்காத உப்புப் பாக்கெட்டுகளை என் பையில் போட்டார். “மொதல்ல கல்லுப்புத்தானுங்க போட்டோம். சட்டுனு கரையறதில்லைன்னு, தம்பி ஊருக்குப் போன மறுநாளே தூள் உப்புக்கு மாத்திப்போட்டோம். வூட்டுக்கு எடுத்துட்டுப் போங்க” என்றார். நான் சுவரில் தொங்கிய அளவுக் கரண்டியைப் பார்த்தேன். அக்காவின் தம்பி கல்லுப்புக்குக் குறித்துக் கொடுத்த அதே கரண்டி. தூள் உப்பு அதில் இறுகி உட்காரும், எடை கூடிப்போகும். ஐந்து நிமிடத்தில் சரிசெய்திருக்கக்கூடிய தப்பு.

ஃபோர்மேன் இந்தத் தகட்டைத் துடைத்து என்னிடம் கொடுத்தார். “உங்களுக்கு மட்டுந்தான் மனசாரப் புடிச்சுதுங்க. நீங்க வெச்சுக்கோங்க” என்றார். பிறகு, “ஏனுங்க சனம் வல்லை?” என்று கேட்டார். கரண்டி இரண்டடி தூரத்தில் தொங்கியது. “நம்ம சனத்துக்கு இதெல்லாம் பழக்கமில்லீங்ணா” என்றேன். அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. அப்படியென்றால் தன் கையில் தப்பில்லை என்று எடுத்துக்கொண்டார்.

போன தீபாவளிக்குப் பிறகு அதே ரோட்டில், அரை மைல் தள்ளி, வேறு யாரோ ஒரு டாக்கோ கடை போட்டார்கள். அதே ரொட்டி, அதே கோழி, ஏறக்குறைய அதே விலை. சாயங்காலமானால் நிற்க இடமில்லை. ஒரு நாள் ஃபோர்மேன் போன் செய்தார். “சனம் பழகிப்போச்சாட்ட இருக்குதுங்க” என்றார். என் சமாதானத்தையே எனக்காக எடுத்து வைத்திருந்தார். “ஒருக்கா போய்ட்டு வரலாமுங்களா?”

ஞாயிற்றுக்கிழமை போனோம். காகிதத் தட்டில் மூன்று மூன்றாகக் கொடுத்தார்கள். நன்றாக இருந்தது. அவ்வளவுதான், பிரமாதம் ஒன்றுமில்லை. அக்காவின் ரொட்டிக்குக் கிட்டே வராது. ஃபோர்மேன் நிதானமாக மென்றார்.

“எனக்குச் சூடு தெரியுது, மெதுவு தெரியுது. மத்தது தெரியலை. நீங்க சொல்லுங்க இன்ஸ்பெக்டர். நம்மளுதுக்கும் இதுக்கும் என்னங்க வித்தியாசம்?”

இன்னொரு பொய்யை யோசிக்க அலுப்பாக இருந்தது. முதல் பொய்யைச் சொல்ல வைத்ததும் இதே அலுப்புத்தான்.

“உப்புங்ணா. நம்மளுதுல ரொம்ப ஜாஸ்தி. தூள் உப்புக்கு மாத்துனப்ப கரண்டிய மாத்தலீங்க.”

அவர் மெல்லுவதை நிறுத்தினார். “மொத நாளே தெரியுமுங்களா?”

“கரண்டி விசயம் அப்புறந்தான் தெரியுமுங்க. கரிச்சது மொத நாளே தெரியும்.”

கையிலிருந்ததைத் தின்று முடித்தார். விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். “உங்கக்கா அடுப்பாண்ட நின்னுட்டிருந்தா. அவ மனசு நோகுமேன்னு சொல்லாம உட்டிருப்பீங்க” என்றார். அந்த நேரத்திலும் எனக்கு ஒரு சாக்குத் தேடிக் கொடுத்தார். நான் ஆமாம் என்று தலையாட்டவில்லை. அது ஒன்றுதான் அன்று நான் செய்த ஒழுங்கான காரியம். “சரிங்க, வாரேனுங்க” என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தார்.

இரண்டு மாதமாகிறது. போன் செய்தால் எடுக்கிறார். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால், “நல்லா இருக்கறனுங்க” என்கிறார், அன்று அந்த ஸ்டூலில் உட்கார்ந்து நான் சொன்ன அதே குரலில். போனை வைத்துவிட்டு, அட்டையையும் புத்தகத்தையும் சீட்டுகளையும் எடுத்து ஓரமாக வைத்து, தகட்டின் விளிம்பில் விரலை ஓட்டிப் பார்க்கிறேன். எந்த மூலையிலும் ஒரு பிசிறு இல்லை.