ரேடியோ மாதிரி பேசினேன்

கொடைக்கானலை ஒட்டிய வட்டக்கானலில் ஒரு தங்கும் விடுதியில் நான் மேனேஜர். மேனேஜர் என்றால் சாவி கொடுப்பது, சாவி வாங்குவது, நடுவில் வைஃபை பாஸ்வேர்டு சொல்வது. மிஞ்சிய நேரத்தில் திண்டுக்கல்லிலிருந்து வரும் ஒரு சின்ன மாதப் பத்திரிகைக்கு எழுதுகிறேன். ஐம்பது வயதில் வேறு கெட்ட பழக்கம் எதுவும் ஒட்டவில்லை.

எங்கள் விடுதியில் அறைகளைச் சுத்தம் செய்யும் பெண்களைப் பற்றி முதலில் நான்கு பக்கம் எழுதினேன். 'துப்புரவுப் பணியாளர்கள் எதிர்கொள்ளும் இன்னல்கள்' என்று தலைப்பு. பெருமைக்காக முதலாளியையும் சந்தாதாரராகச் சேர்த்துவிட்டிருந்தேன். அவர் படித்துவிட்டு, "அருமை சார், நல்ல சமூக அக்கறை" என்று கைகொடுத்தார். ஃபிரேம் போட்டு வரவேற்பறையில் மாட்டலாமா என்றுகூடக் கேட்டார். அவருடைய குளியலறைகளைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன் என்பது அவருக்கு உறைக்கவே இல்லை. திரும்பப் படித்தபோது எனக்கும் உறைக்கவில்லை.

அந்தப் பெண்களில் ஒருவர் வடகவுஞ்சியிலிருந்து முதல் பஸ்ஸில் வருவார். பூண்டு போட்டிருந்த நிலம் மழையை நம்பிக் கிடந்தது. வீட்டுக்கு மாதச் சம்பளம் என்று வந்தது அவருடையது மட்டும்தான். ஒரு நாள் ஏழாம் நம்பர் அறையிலிருந்து வாளியோடு வெளியே வந்து சொன்னார்:

"எல்லாத்தையும் மறக்கத்தான் இங்க வர்றாய்ங்களாம்ணே. தண்ணி ஊத்தக்கூட மறந்துட்டுல்ல போறாய்ங்க!"

என் நான்கு பக்கத்தையும் வாளியோடு சேர்த்துக் கவிழ்த்துவிட்டார். அடுத்த மாதம் அந்த வரியை அப்படியே எழுதினேன், ஏழாம் நம்பர் முதற்கொண்டு.

முதலாளி பத்திரிகையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஜீப்பிலிருந்து இறங்கினார். என் பீதி என்னைவிடச் சுறுசுறுப்பானது. மேசையிலிருந்த என் பிரதியை எடுத்துச் சட்டைக்குள் செருகி, அது பிதுங்கியதும் வெளியே இழுத்து, அதையே விசிறியாக வீசிக்கொண்டேன். கொடைக்கானலில், மார்கழியில்.

"இது உங்க தமிழ் இல்லையே சார். இது வேற யாரோட வாயோ."

"கற்பனைங்க," என்றேன்.

அவர் நேராகத் துணி காயப்போடும் இடத்துக்குப் போனார். நான்கு பெண்களையும் நிறுத்தி, யார் சொன்னது என்று கேட்டு, அந்த வரியை உரக்க வாசித்தார். மூன்று பேர் தரையைப் பார்த்தார்கள். அந்த அம்மாவால் முடியவில்லை.

"அப்படி இல்லைங்க. அந்த 'ஊத்தக்கூட'வ இழுக்கணும். நீங்க படிச்சா மருந்துச் சீட்டைப் படிக்கிற மாதிரில்ல இருக்கு," என்று சொல்லியும் காட்டினார். மற்றவர்கள் வெடித்துச் சிரித்தார்கள்.

தன் வரியை இன்னொருவர் கெடுப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பது கஷ்டம். எனக்கும் அந்த வியாதி உண்டு.

முதலாளி சிரிக்கவில்லை. "நாளையில இருந்து அந்தம்மா வேணாம். நீங்களே சொல்லிருங்க," என்று என்னிடம் சொல்லிவிட்டு ஜீப் ஏறினார். 'எழுதியது நான், என்னை அனுப்புங்கள்' என்று ஒரு வரி எனக்குத் தெரிந்திருந்தது. ஜீப் வளைவில் மறையும்வரை அதை மனசுக்குள் நன்றாகத் திருத்திக்கொண்டிருந்தேன்.

பிறகு அந்த அம்மா முன்னால் போய் நின்றேன். வாயிலிருந்து வந்தது இதுதான்: "நாளை முதல் தாங்கள் பணிக்கு வரத் தேவையில்லை என நிர்வாகம் முடிவு செய்துள்ளது."

ஈரப் போர்வையை உதறிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார்.

"ஏண்ணே திடீர்னு ரேடியோ மாதிரி பேசுறீங்க?"

அதற்குப் பிறகு எதுவும் பெரிதாக வலிக்கவில்லை. சாவி கொடுத்தேன், சாவி வாங்கினேன். ஏழாம் நம்பரை வேறொரு பெண் கழுவினார். 'மண்ணின் மொழி' என்று பாராட்டிப் பத்திரிகைக்குக் கடிதங்கள் வந்தன. படித்து மடித்து வைத்தேன். ஊசி போட்டபின் பல் டாக்டர் தட்டித் தட்டிப் பார்ப்பாரே, அப்படி இருந்தது.

போன வாரம் பெருமாள்மலை பஸ் நிறுத்தத்தில் அவரைப் பார்த்தேன். பூண்டு தரம் பிரிக்கப் போகிறாராம்.

"வாரத்துல ரெண்டு நாளுதான் சோலி. நீங்க இன்னும் எழுதுறீங்களாண்ணே?"

"ஏதோ."

"அப்ப அன்னைக்கு நீங்க வாயத் தொறக்காம நின்னீங்கல்ல, அதையும் எழுதுங்க. தண்ணி ஊத்தாமப் போனவனாச்சும் மறந்து போனான். உங்களுக்கு எல்லாம் ஞாபகத்துல இருந்துச்சுல்ல?"

நான் பஸ் வருகிறதா என்று பார்த்தேன். பஸ் வரவில்லை.

"அச்சுக்கு விடுறதுக்கு முன்னாடி எனக்குப் படிச்சுக் காட்டணும். ரேடியோ வந்துச்சுன்னா நிப்பாட்டிருவேன்," என்றார்.

வரும் சனிக்கிழமை அதே நிறுத்தத்தில் படித்துக் காட்ட வேண்டும். முதலாளியின் சந்தா இன்னும் முடியவில்லை. 'அப்போதைய சூழலில் எதுவும் கூற இயலவில்லை' என்று முதலில் எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டு, 'பயந்துட்டேன்' என்று எழுதியிருக்கிறேன்.