ஆட்டோ வரப் போட்ட பாதை

மயிலாடுதுறையில் பேருந்து ஏறியபோது என்னிடம் குடை இருந்தது. காரைக்காலில் இறங்கியபோது இல்லை. கார்த்திகை மழையில் குடையைத் தொலைத்துவிட்டு ஊர் பார்க்க வந்த புத்திசாலி நான் ஒருவன்தான். பன்னிரண்டு ரூபாய்த் தேநீரைக் குடித்து முடிப்பதற்குள் என்னைக் கூட்டிப்போகக் கவிதா ஸ்கூட்டரில் வந்துவிட்டார். சுரக்குடிக்காரர். வெள்ளம் தேங்கும் இடங்களை ட்ரோன் பறக்கவிட்டுப் படமெடுப்பது அவர் வேலை. ட்ரோன் பெட்டியை என் கையில் கொடுத்தார்.

"பச்சப்புள்ள மாதிரி புடிச்சிக்குங்க சார். நீங்க நனைஞ்சாலும் பரவால்ல, அது நனையக் கூடாது."

காலை ஒன்பதரைக்குக் குரும்பகரம். சாலையின் இருபுறமும் சம்பாப் பயிர் நுனியை மட்டும் காட்டிக்கொண்டு நின்றது. இன்னும் இரண்டு நாள் இப்படியே கிடந்தால் அழுகிவிடும் என்றார் விவசாயி கலியபெருமாள். பக்கத்து வயல்காரர் ராஜேஸ்வரியும் சாலையோரத்து வீட்டிலிருந்து வந்து சேர்ந்தார். வடிவாய்க்காலை ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டிருக்கும் என்பது இருவரின் கட்சி.

மழை விட்டதும் ட்ரோன் எழும்பியது. கவிதாவின் கையிலிருந்த திரையை எல்லோரும் எட்டிப் பார்த்தோம். ஆகாயத்தாமரை எங்கேயும் இல்லை. தண்ணீர் ஓரிடத்தில் முட்டி நின்றது. அதற்கு அப்பால் வாய்க்கால் பாதி காலி. முட்டிய இடம், கலியபெருமாள் வீட்டுக்குப் போகும் மண்பாதை.

"அடியில கொழாய் போட்டிருக்கேனே!" என்று கழியை விட்டுக் குத்திப் பார்த்தார். குழாய் நசுங்கி மண்ணேறியிருந்தது.

அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கும் மகள் சங்கீதாவுக்காகப் போட்ட பாதை அது. இந்த வாரமோ அடுத்த வாரமோ என்றிருந்தது. வலி கண்டால் ஆட்டோ வாசல்வரை வர வேண்டும். பாதையை வெட்டினால் அது நடக்காது. வெட்டாவிட்டால் இருவர் பயிரும் போய்விடும்.

"வெட்டுங்கப்பா, நான் நடந்துக்குறேன்" என்றாள் வாசலில் நின்ற சங்கீதா.

"இந்தத் தண்ணியிலயா?" கலியபெருமாள் மண்வெட்டியைத் தொடவே இல்லை.

ராஜேஸ்வரி திரையிலிருந்து நிமிர்ந்தார். சண்டைதான் என்று நினைத்தேன்.

"அண்ணே, எங்க வீடு ரோட்டு மேலதான இருக்கு? ஆட்டோ எங்க வாசலுக்கு வரட்டும். நீங்க வெட்டுங்க." பிறகு சங்கீதாவிடம், "அம்மாவையும் கூட்டிக்கிட்டு வாம்மா. வெந்நி போட்டு வைக்கிறேன்."

பாதை இருக்கும்போதே சங்கீதாவையும் அவள் அம்மாவையும் மெல்ல நடத்திக் கூட்டிப்போனோம். அவளுடைய துணிப்பையை ட்ரோன் பெட்டியைவிடப் பத்திரமாக நான் பிடித்துக்கொண்டேன். அதன்பிறகே முதல் வெட்டு விழுந்தது. தண்ணீர் இரைந்துகொண்டு ஓடியது.

சென்னையில் எங்கள் தெருவில் மழைக்குப் பயந்து அவரவர் வாசலை உயர்த்திக்கொண்டே போகிறோம். தண்ணீர் பக்கத்து வீட்டைப் பார்த்துப் போய்விடும். திரும்பும் வழியெல்லாம் இதுவே நினைப்பாக இருந்தது.

பேருந்து நிலையத்தில் கவிதா கடைசிப் படத்தைக் காட்டினார். வெட்டிய பாதை, வடியும் தண்ணீர். ஓரத்தில், ராஜேஸ்வரி வீட்டு வாசலில் மூன்று பெண்கள் அண்ணாந்து கையாட்டிக்கொண்டிருந்தார்கள்.

"இந்த ஓரத்த வெட்டிட்டுத்தான் ஆபீசுக்கு அனுப்பணும்" என்றார். "மனசு வரலங்க சார்."