ஓரகத்தி வீட்டு வெள்ளைப்பூ

நகைக்கும் நிலத்துக்கும் வயிறெரிந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நான் என் ஓரகத்தியைப் பார்த்து வயிறெரிந்தது ஒரு மூத்திரச் சோதனைக்காக. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாயிரத்து ஏழு வாக்கில் என் வீட்டுக்காரருக்கும், ஓரகத்தியின் புருஷனும் என் மச்சாண்டாருமான அவர் அண்ணனுக்கும் புராஸ்டேட் தொந்தரவு. கூடப்பிறந்தவர்களுக்குள் ஓடுகிற நோய் என்றார் சேலத்து டாக்டர். புராஸ்டேட்டுக்கான ரத்தச் சோதனையில் எண் ஏறியிருந்ததால் இருவருக்கும் ஊசி விட்டுச் சதை எடுத்துப் பார்த்தார்கள். ஒன்றுமில்லை என்று வந்தது, ஆனால் எண் இறங்கவில்லை. மறுபடி ஊசி என்றார். முதல் ஊசிக்கே இவருக்கு ரத்தமாகப் போய்க் காய்ச்சல் கண்டது. உட்கார முடியாமல், மலைப் பாதை முழுக்கப் பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தார்.

மச்சாண்டாருக்கு மட்டும் பெங்களூரில் மருமகன் இருந்தார். அவர் ஏற்பாட்டில் புதுச் சோதனை. டாக்டர் விரலால் சுரப்பியை அழுத்தியதும் வருகிற மூத்திரத்தைப் பிடித்து அனுப்புவார்களாம். புற்றுச் செல்லில் ஏதோ ஒரு ஜீன் அளவுக்கு மீறி வேலை செய்யுமாம். அதன் தடம் மூத்திரத்தில் தெரியுமாம். தடம் குறைவென்றால் ஊசியை இப்போதைக்குத் தள்ளிப்போடலாம். மச்சாண்டாருக்குக் குறைவு என்று வந்தது. எங்கள் மிளகுக்கொடி அந்த வருஷம் வாடிப்போயிருந்தது. அந்தச் சோதனை எங்களுக்கு எட்டாக்கனி.

ஓரகத்தி சந்தையில் நின்று எல்லோரிடமும் சொன்னாள். என்னைக் கண்டதும், "ஊசியே வேண்டாமுன்னுட்டாங்க கண்ணு. பாவம், உங்கூட்டுக்காரருக்குத்தான் மறுக்கா குத்தோணுமாமே?" என்றாள். கையிலிருந்த மரவள்ளிக்கிழங்கை அவள் தலையில் போடலாம்போல இருந்தது.

ஊசிக்குப் போகும் வழியெல்லாம் அவளைத் திட்டினேன். "எங்கண்ணனுக்கு நல்லது நடந்தா உனக்கென்ன புள்ள?" என்றார் இவர். இரண்டாவது ஊசியில் புற்று என்று தெரிந்தது. ஒரே வயிற்றில் பிறந்தவர்களில் வலியும் எங்களுக்கே, நோயும் எங்களுக்கே. ஆபரேஷன் முடிந்து இவர் குழாயோடு கிடந்தபோது மச்சாண்டார் கை வீசி நடந்து வந்தார். அந்தக் கை வீச்சைக்கூட என்னால் பொறுக்க முடியவில்லை.

குறைவு என்றால் இல்லை என்று ஆகாது, ரத்தத்தை அவ்வப்போது பார்க்க வேண்டும் என்று டாக்டர் அவருக்குச் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். ஆனால் எங்கள் பக்கம் சாமியிடம் பூ கேட்கிற வழக்கம் உண்டு. வெள்ளைப்பூவையும் சிவப்புப்பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிப் போட்டு, ஒன்றை எடுப்போம். வெள்ளை வந்தால் நல்ல வாக்கு. வந்த வாக்கை மறுபடி கேட்டால் சாமி குத்தம். மச்சாண்டார் அந்தச் சோதனையையும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். இவர் எத்தனையோ தடவை கூப்பிட்டார். "ஒருக்கா நல்ல வாக்கு வந்தாச்சு, மறுக்கா எதுக்குடா கேக்கோணும்?" என்று அவர் ரத்தம் கொடுக்க வரவேயில்லை.

இரண்டு வருஷம் கழித்து இடுப்பு வலி என்று படுத்தார். நோய் எலும்பில் இறங்கியிருந்தது.

நாங்கள் பார்க்கப் போனோம். ஆபரேஷனில் குணமாகியிருந்த இவர், அண்ணனுக்காக அடுப்படியிலிருந்து வெந்நீர்க் குடத்தைத் தூக்கிவந்தார். ஓரகத்தி இவர் நடப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தையில் என் கண்ணும் இப்படித்தான் இருந்திருக்கும்.

"அந்த ஊசிய எங்கூட்டுக்காரருக்கும் குத்தியிருக்கலாமில்ல கண்ணு?" என்றாள்.